ஏரியில் உயிர் பெருகினால் ஏரி நலமா?

(காலாண்டுக் கூட்டத்தில், எஸ்டிபி பராமரிப்பு பற்றிய விவாதத்துக்கு முன் பேசியது)

பிஓடி, சிஓடி எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன என்று செயலாளர் இப்போது வாசித்தார். மகிழ்ச்சி. ஆனால் அந்த அறிக்கையில் ஹார்மோன் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அது ஏன் முக்கியம் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 260-ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை கேரன் கிட் குழுவினர் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். நம் கணக்கில், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்கு இரண்டு மாத்திரை.

தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளும், அவற்றைத் தின்னும் பொடி உயிரிகளும் குறையவில்லை. அதை மட்டும் எண்ணியிருந்தால் 'பாதிப்பு இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் ஃபேட்ஹெட் மினோ என்ற விரல் நீள மீனில், ஆண்களின் உடலில் முட்டைக்கான புரதம் உண்டானது. குஞ்சு பொரிப்பது நின்றது. அந்த மீன் ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. தின்ன ஆள் இல்லாததால் பொடி உயிரிகள் முன்பைவிடப் பெருகின! சிறுமீனை நம்பியிருந்த ட்ரௌட் மீன்களின் மொத்த எடையோ 23 முதல் 42 சதவீதம் வரை சரிந்தது. கலப்பதை நிறுத்திய பிறகு மினோ மீண்டு வரச் சில ஆண்டுகள் ஆயின.

எல்லா ரசாயனமும் பொடி உயிரிகளை விட்டுவைப்பதில்லை. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டாஃப்னியா தெரிந்திருக்கும். வழக்கமாகப் பெண் குஞ்சுகளையே ஈனும். கொசுப்புழுவுக்குப் போடும் பைரிப்ராக்சிஃபென் பட்டால் ஆண் குஞ்சுகளை ஈனுகிறது. நம் அலங்காரக் குளத்தில் என்ன மருந்து போடுகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

மாத்திரை சாப்பிடுகிற பெண்களைக் குறை சொல்ல வரவில்லை. ஈஸ்ட்ரோஜன் எல்லோர் உடலிலிருந்தும் கழிகிறது. அதைத் தடுக்க முடியாது, வழியில் பிடிக்கத்தான் முடியும். மிச்சமான ஹார்மோன் மாத்திரைகளை டாய்லெட்டில் கொட்டாமல் இருக்க, அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். அது சிறிய வேலை. பெரிய வேலை, எஸ்டிபியின் கடைசியில் இருக்கும் கார்பன் ஃபில்டர். ஹார்மோனை ஓரளவு அது பிடித்து வைக்கும், அதுவும் கார்பன் புதிதாக இருக்கும்வரை. நம்முடையதை எப்போது மாற்றினார்கள்? கான்ட்ராக்டர் இங்கேயே இருக்கிறார், தேதியைச் சொல்லிவிட்டு விவாதத்தைத் தொடங்கட்டும்.