கம்ப்யூட்டர் வேலை காரைக்குடிக்கு வந்தா

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கோவிலூர் குழு உறுப்பினர் பேசியது)

போன வருசம் வரைக்கும் பின்வரிசையில உட்கார்ந்து கைதட்டினவ நான். படிப்பு பத்தாவதுதான். சேமிப்பைப் பத்திப் பேசலாம்னுதான் நினைச்சேன். ஆனா எங்க வீட்டுல ஒரு மாசமா நடக்குற பேச்சையே இங்க கொண்டு வந்துட்டேன்.

என் மக பதினொண்ணாவது படிக்கிறா. கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக் காலில நிக்கிறா. என் மாமியார், "அதுக்கு மெட்ராசுக்கோ பெங்களூருக்கோல்ல போகணும், பொம்பளப் புள்ளைய யாரு அனுப்புறது?"ன்னு கேட்கிறாங்க. அவங்க கேட்கிறதுலயும் நியாயம் இருக்கு. என் நாத்தனார் மக சென்னையில வேலை பார்க்கிறா. சம்பளம் 18,000. விடுதிக்கு மட்டும் 7,500. சாப்பாடு, பஸ், போன்னு போக, மாசக் கடைசியில அவ அம்மாவுக்கே போன் வரும், "ஆயிரம் ரூவா போட்டு விடும்மா"ன்னு.

அந்த வேலை சென்னையிலதான் இருக்கணுமா? தென்காசியைப் பாருங்க. ஜோஹோ கம்பெனி 2011-ல் அங்க ஆபீஸ் போட்டுச்சு, பிறகு பக்கத்துல மத்தளம்பாறைங்கிற கிராமத்துக்குப் போச்சு. அதை நடத்தின ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவை விட்டு அந்தக் கிராமத்துக்கே குடி வந்துட்டார். பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பிள்ளைகளை எடுத்து, பீஸ் வாங்காம, உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலையும் கொடுக்கிறாங்க. நம்ம சீப்புச் சீடையும் மணகோலமும் விக்கணும்னா டப்பாவுல அடைச்சுப் பார்சல் போடணும், நொறுங்காமப் போய்ச் சேரணும். அவங்க சரக்கு கம்பி வழியாவே அமெரிக்கா போயிடுது. அதுக்குத் துறைமுகம் வேணாம், விமானம் வேணாம். கரண்டும் நெட்டும் நிக்காம இருக்கணும், படிச்ச பிள்ளைக இருக்கணும். சின்ன ஊருன்னா வாடகையும் குறைவு, சொந்த ஊருப் பிள்ளை சீக்கிரம் வேலையை விட்டும் போகாது.

படிச்ச பிள்ளைகளுக்கு நம்ம பக்கம் என்ன குறை? 1947-ல் சென்னையில ஒரு கூட்டத்துல துணைவேந்தர் ஏ.எல். முதலியார், சின்ன ஊர்கள்லயும் கல்லூரி வரணும்னு பேசினாராம். உடனே காரைக்குடியில நான் ஆரம்பிக்கிறேன்னு சொன்னவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். அந்த வருசமே கல்லூரி வந்துருச்சு. அதோட விடலை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, மத்திய அரசோட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே, அதான் நாம சிக்ரின்னு சொல்றோமே, அதை இங்க வர வச்சார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தாங்க. அன்னைக்கு இது பொட்டக்காடு. டெல்லி, பம்பாய்னு பெரிய ஊரெல்லாம் இருக்க இதைக் கொண்டு வந்து நிறுத்தினாரே, அதைத்தான் என் மககிட்டத் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

பர்மா, மலாயான்னு போய்ச் சம்பாதிச்ச காசுல கட்டின பெரிய வீடுக நம்ம பக்கம் எத்தனை பூட்டிக் கிடக்கு! நானே மாசம் ரெண்டு தடவை ஒரு வீட்டைத் திறந்து கூட்டி விளக்கேத்திட்டு வர்றேன். முகப்புல மட்டும் நூறு பேர் உட்காரலாம். அந்தக் கல்தரையைத் துடைக்கும்போதெல்லாம், இங்க நாலு மேசை போட்டா நம்ம பிள்ளைக உட்கார்ந்து வேலை பார்க்கலாமேன்னு தோணும். ஆச்சிகிட்டக் கேட்க இன்னும் தைரியம் வரலை!

அரசாங்கமும் மினி டைடல் பூங்கான்னு கட்டுது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்துல 2024-ல் திறந்துட்டாங்க. காரைக்குடிக்கு 2025-ல் அடிக்கல் நாட்டினாங்க. சந்தோசம்தான். ஆனா அடிக்கல்லை வச்சு உலை கொதிக்காது. கட்டடத்துக்குள்ள கம்பெனி வரணும், அதுல பாதியாவது நம்ம பிள்ளைக ஆரம்பிச்சதா இருக்கணும். புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு 'ஸ்டார்ட்அப் டிஎன்' மூலமா 10 லட்சம், பொம்பளைக நடத்துறதா இருந்தா 15 லட்சம் வரைக்கும் அரசு ஆதார நிதி கொடுக்குது. இது நம்ம பேங்க் லோன் மாதிரி தவணை கட்டுறதில்லை, கம்பெனியில சின்னதா ஒரு பங்கு எடுத்துக்குவாங்க. நம்ம கூட்டத்துல இதைப் பத்தி ஒரு தடவையாவது யாராவது பேசியிருக்கோமா?

எல்லாம் வந்தாலும் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் வேலை ராத்திரி எட்டு, ஒம்பதுன்னு இழுக்கும். காரைக்குடியிலிருந்து எங்க ஊருக்கு நாலஞ்சு கிலோமீட்டர்தான். ஆனா இருட்டுல நடக்கிற தூரம் இல்லை. பஸ்ஸுல நமக்கு டிக்கெட் இல்லைங்கிறது நிசம்தான், ஆனா அந்த நேரத்துக்குப் பஸ் வரணுமே. பஸ் இல்லைன்னா என் மாமியார் சொல்றதுதான் ஜெயிக்கும். பத்தாவதோட நான் நின்னதுக்கும் இப்படி ஒரு பஸ்தான் காரணம். மேல்நிலைப் பள்ளிக்கூடத்துலருந்து சாயந்தரம் திரும்பி வர வண்டி இல்லைன்னு எங்கப்பா நிறுத்திட்டாங்க.

அதனால அடுத்த மாசக் கூட்டத்துல ராத்திரி பஸ் வேணும்னும், வேலைக்குப் போற பிள்ளைகளுக்குக் காரைக்குடியில மகளிர் விடுதி வேணும்னும் தீர்மானம் எழுதணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன். கலெக்டருக்குக் கொடுக்கிற மனுவுல முதல் கையெழுத்து நான் போடுறேன். ரெண்டாவது கையெழுத்துக்கு என் மாமியாரைக் கூட்டிட்டு வர்றேன், ஒத்துக்குவாங்கன்னுதான் நினைக்கிறேன்.