கடலில்லா வட்டாரத்திற்குக் கடற்கல்வி

(வேப்பந்தட்டை ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு பரங்கிப்பேட்டையிலிருந்து கடலுயிரியல் ஆராய்ச்சி மாணவி ஒருவர் என்னிடம் வந்து, நமது ஊர்களில் மக்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கடலைப் பற்றிப் பேச உதவி வேண்டினார். "அம்மா, எங்களுக்கு ஏரி தெரியும், கிணறு தெரியும், கடலுக்கும் வேப்பந்தட்டைக்கும் என்ன உறவு?" என்று வினவி அனுப்பிவிட்டேன். அது என் பிழை.

மறுமுறை அவர் ஒரு வரைபடத்தோடு வந்தார். பச்சைமலையில் பெய்யும் மழை, விசுவக்குடியில் நாம் அணை கட்டியுள்ள கல்லாறு, நமது ஓடைகள் ஆகியவை வெள்ளாற்றை நாடிச் செல்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தின் கரையிலேதான் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா தோற்றுவித்த, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் இருக்கிறது. "நீங்கள் அனுப்பும் நீரைத்தான் ஐயா நாங்கள் படிக்கிறோம்" என்றார் அம்மாணவி. விடை கூற எனக்கு வாய் எழவில்லை.

முதற்கூட்டம் சோபிக்கவில்லை என்பதை மறைப்பானேன்? பல்கலைக்கழகத் தமிழில் அவர் பேசப் பேசப் பெரியவர்கள் கண்ணயர்ந்தனர்; நானுந்தான். இரண்டாவது கூட்டத்தில் ஒரு தட்டில் இறாலையும் வெட்டுக்கிளியையும் அருகருகே வைத்தார். இரண்டிற்கும் எலும்பில்லை, உடலின் மேல் ஓடு, கால்களில் கணுக்கள். "பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு இறாலையும் நண்டையும் விடுமா?" என்று கேட்டபோது ஒருவரும் உறங்கவில்லை. கடல் இறால்களிற் பல, குஞ்சுப் பருவத்தை முகத்துவாரத்தில்தான் கழிக்கின்றன.

இது கற்பனை அச்சம் அன்று. பரங்கிப்பேட்டை அறிஞர்களும் ஜப்பானிய அறிஞர்களும் சேர்ந்து வெள்ளாற்று நீரை ஆராய்ந்து, பி.எச்.சி., டி.டி.டி. ஆகியவற்றின் எச்சங்கள் அதில் பருவத்திற்குப் பருவம் மாறுவதை 1990-இல் வெளியிட்டனர். அவ்விரண்டையும் இன்று நாம் வயலில் தெளிப்பதில்லை. வேறு மருந்துகள் வந்துள்ளன. ஓடையோ அதே ஓடைதான்.

பருத்தி பயிரிடும் பெரியவர் ஒருவர் சினந்து எழுந்தார். "மீனவர் பிழைக்க வேண்டி நான் மருந்தடிக்காமல் விளைச்சலை இழப்பதா?" நியாயமான கேள்வி. மாணவி வாதாடவில்லை. "பருத்தியைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும் ஐயா, எனக்குத் தெரியாது. நம் வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாரைச் சேர்ந்தே கேட்போம். தெளிப்பானை ஓடையில் கழுவுவதையும், மீதி மருந்தை அதில் கொட்டுவதையும், காலி டப்பாக்களை அங்கே எறிவதையும் மட்டுமாவது இன்றே நிறுத்தலாமே" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சபையிற் கூறியவரைப் பெரியவர் பிறகு தம் வயலுக்கே அழைத்துச் சென்றார்.

பிள்ளைகளுக்கு அவர் காட்டியது வேறு. நம் மாவட்டத்துக் காரைக்கு அழைத்துச் சென்று, ஆட்டுக்கொம்புபோற் சுருண்ட அம்மோனைட்டுகள் பதிந்த கற்களைக் காட்டினார். ஏறத்தாழப் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது! கற்களைப் பெயர்த்தெடுக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அதில் சிறிது வருத்தந்தான்.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். பொதுமக்களையும் உடன் அழைத்துச் சென்று கற்பிக்கிறார்கள். நம் ஊருக்கு வந்தவரும் அத்தகையவரே. நான்கு மாணவியர் இப்பொழுது மாதந்தோறும் ஓடை நீரை அளந்து ஏட்டில் எழுதுகின்றனர். பிழைகளைத் திருத்தி அவர் கடிதம் எழுதுகிறார். அவர்களுள் ஒருத்தி கடலுயிரியல் படிக்க விரும்புகிறாள். அவள் தந்தையோ தயங்குகிறார். அவரிடம் நானும் பேசியிருக்கிறேன். உறுப்பினர்களும் பேச வேண்டும்.

தை மாதத்தில் மாணவி மீண்டும் வருகிறார். தங்க இடமும் கூட்டத்திற்குக் கூடமும் ஊராட்சிகள் தர வேண்டும். தெளிப்பான்களைக் கழுவ ஓடைக்கு அப்பால் தனி இடம் ஒதுக்கும் தீர்மானம் இன்றைய பொருள் நிரலில் இரண்டாவதாக உள்ளது. எதிர்க்கருத்து உடையவர்கள் அதனை இங்கேயே மனந்திறந்து கூறுமாறு வேண்டுகிறேன்.