கிளாஸும் வேண்டும், வீடும் வேண்டும்

(மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக சேமிப்பு, வங்கிக் கடன், தவணை இதைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு நான் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினது வேறு விஷயத்துக்கு. இன்னும் ஒரு மாசம் போனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். அந்த லீவில் நம்ம சின்னப் பிள்ளைகளை என்ன செய்யப் போகிறோம்? அதைத்தான் பேச வந்திருக்கிறேன். நான் டீச்சரும் இல்லை, டாக்டரும் இல்லை. பதினெட்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறேன், மூணு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

இது வீட்டு விஷயம், குழுவில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். போன வருஷம் எங்க குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டவர்களில் ஒரு சின்னப் பொண்ணு, யூகேஜி முடித்த மகனுக்கு சம்மர் கிளாஸ் கட்டணம் கட்டணும் என்று கேட்டாள். மூத்த உறுப்பினர் ஒருத்தர் கேட்டார்: "கறவ மாட்டுக்குக் கடன் வாங்குனா பால் வரும், வட்டி கட்டலாம். அஞ்சு வயசுப் புள்ள கிளாஸுக்கு வாங்குனா என்னம்மா வரும்?" அதற்கு அவள் சொன்னாள்: "நிம்மதி வரும் பெரியம்மா. நான் மாங்கூழ் பாக்டரியில நிக்கற நேரம் அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பதில் பேச வாய் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது நம்ம எல்லார் வீட்டுக் கதை.

சகோதரிகளே, கோடை லீவு என்றால் அம்மா அப்பா ஓய்வாக இருப்பார்கள், பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுவார்கள் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படியா? பிள்ளைக்கு லீவு விடுகிற நேரம்தான் நமக்கு வேலை கூடுகிற நேரம். மாங்காய் அறுவடை, மண்டி வேலை, கூழ் பாக்டரி எல்லாம் அந்த மாசங்களில்தான். வருஷத்தில் நாலு காசு கூடப் பார்க்கிற காலம் அது. ஓசூர் பக்கமும் பர்கூர் பக்கமும் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு லீவே கிடையாது. பொழுது விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து நின்றுவிடும். அங்கன்வாடிக்கும் மே மாசத்தில் விடுமுறை விடுகிறார்கள். அப்போ அஞ்சு வயசுப் பிள்ளை பகல் முழுக்க யாரோடு இருக்கும்?

நிறைய வீட்டில் செல்போனோடு இருக்கும். இல்லையென்றால் முட்டி வலியோடு இருக்கிற பாட்டியோடு இருக்கும். பாட்டி கண் அசந்த நேரம் பிள்ளை வெளியே போகும். வெளியே என்ன இருக்கிறது? கிணறு இருக்கிறது, ஏரி இருக்கிறது, கல் வெட்டி எடுத்த குழியில் தண்ணீர் நிற்கிறது, தென்பெண்ணை ஆறு இருக்கிறது. வெயிலுக்குத் தண்ணீரைக் கண்டால் பிள்ளைக்கு ஆசை வராதா? தண்ணீரில் மூழ்கிச் சாவதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க ஒரு வயசிலிருந்து நாலு வயசு வரையான பிள்ளைகள் சாவுக்கு அது நாலாவது காரணம். அஞ்சிலிருந்து பதினாலு வயசு வரை மூணாவது காரணம். காய்ச்சலுக்கு நாம் பயப்படுகிறோம், ஊசி போடுகிறோம். இதற்கு என்ன செய்கிறோம்?

இதற்கு ஒரு வழியைப் பக்கத்து நாடான வங்கதேசத்தில் கண்டுபிடித்தார்கள். அங்கே ஊரெல்லாம் குளம். அம்மா காலையில் சமையல், மாடு, வயல் என்று ஓடுகிற நேரத்தில் குழந்தை குளத்தில் விழுந்துவிடும். காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரைதான் ரொம்ப ஆபத்தான நேரம் என்று பார்த்தார்கள். அந்த நாலு மணி நேரம் மட்டும் ஊரில் ஒரு பெண்மணியின் வீட்டிலேயே இருபது, இருபத்தஞ்சு சின்னக் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பாட்டு, கதை, விளையாட்டு என்று பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பெரிய கட்டடம் இல்லை, ஏசி இல்லை. அப்படிப் போன குழந்தைகள் தண்ணீரில் மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று ஆய்வில் தெரிந்தது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்காளியில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? புடவை முந்தானை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெண்மணிக்குப் பெயர் 'ஆஞ்சல் அம்மா'.

நான் சொல்ல வந்தது இதுதான். அம்மா இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளை யாராவது ஒருத்தர் முந்தானை ஓரத்தில் இருக்கணும். கிளாஸோ கேம்ப்போ, அதற்கு முதல் வேலை அதுதான். பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் ஓட வைப்பது அதன் வேலை இல்லை.

ஆனால் இப்போது நடப்பது என்ன? காலையில் ஹேண்ட்ரைட்டிங், மதியம் அபாகஸ், சாயங்காலம் கராத்தே. அஞ்சு வயசுப் பிள்ளை நம்மை விட அதிக நேரம் டூட்டி பார்க்கிறது. கேட்டால், "பக்கத்து வீட்டுப் புள்ள போகுதுக்கா, நம்ம புள்ள பின்தங்கிடும்" என்கிறோம். சாயங்காலம் நாம் வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளை கிளாஸில் இருந்தால், அந்தக் கிளாஸ் எதற்கு? நாம் வீட்டில் இல்லாத நேரத்துக்குத்தானே அது வேண்டும்?

சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளில் என்னென்ன வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்குச் சொன்னது. மூணு, நாலு வயசுப் பிள்ளை தினமும் குறைந்தது 3 மணி நேரம் ஓடியாடணும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10-லிருந்து 13 மணி நேரம் தூங்கணும். டிவி, செல்போன் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வயசுக் குழந்தைக்கு செல்போனே வேண்டாம். இந்தக் கணக்கில் அபாகஸும் இல்லை, ஸ்போக்கன் இங்கிலீஷும் இல்லை. ஓட்டம், தூக்கம், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல ஒரு ஆள், அவ்வளவுதான். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலேயே இருக்கிறது. நம்ம நாடும் 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது.

கிளாஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்க்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள்? குடிதண்ணீரும் கழிப்பறையும், அதிலும் பெண் பிள்ளை போகிற மாதிரி, இருக்கிறதா? பிள்ளையைக் கூட்டிப்போக யார் வந்தாலும் அனுப்பிவிடுவார்களா, இல்லை நாம் சொன்ன ஆளிடம் மட்டும் அனுப்புவார்களா? எந்நேரமும் உட்கார வைப்பார்களா, விளையாட விடுவார்களா? பதில் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய போர்டு வைத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அரசாங்கமே நடத்துவதும் இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றத்தில் அஞ்சு வயசிலிருந்து பதினாறு வயசு வரை பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித் தருகிறார்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டத்தில் கோடைகாலப் பயிற்சி நடத்துகிறது. தனியாரிடம் போகுமுன் அங்கே விசாரியுங்கள். கடன் வாங்கித்தான் சேர்க்கணும் என்றால் ஒரு கிளாஸ் போதும்.

இனி வீட்டு நேரத்துக்கு வருகிறேன். "எங்கக்கா நேரம்?" என்று கேட்பீர்கள். நாள் முழுக்க வீட்டில் இரு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் அந்த நேரம் மிச்சமே ஆகாது. சேமிப்புப் பணம் மாதிரிதான். முதலில் எடுத்து வைத்தால்தான் உண்டு.

காலை ஷிப்ட் போகிறவள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் பிள்ளைக்கு என்று வைக்கலாம். மதியம் ஷிப்ட் என்றால் காலையில் வைக்கலாம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவள் முதலில் தூங்கட்டும், பாவம். எழுந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கிற நேரத்தில் பேசட்டும். அந்த நேரத்தில் அவள் கையிலும் செல்போன் இருக்கக்கூடாது.

தனியாக விளையாட நேரம் இல்லையென்றால் நம்ம வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிப்பட்டுக்கு மாவு பிசைகிறவள் ஒரு உருண்டை அதன் கையில் கொடுக்கட்டும், அது தட்டட்டும். அடுப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள். மாங்காய் கூறு கட்டும்போது எண்ணிப் போடச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தண்ணி வைக்கும்போது கூட வரட்டும். வீட்டில் பல்லாங்குழி கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். அதில் முத்து எண்ணிப் போட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு வராதா?

நம்ம ஊரில் எத்தனையோ வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், கன்னடம் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படிக்கிற பிள்ளைக்கு அவ்வா சொல்கிற கதை எந்தக் கிளாஸில் கிடைக்கும்? குப்பத்திலோ கோலாரிலோ அம்மா வீடு இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் அனுப்புங்கள். மாமன் மச்சானோடு பழகட்டும். ஆனால் மூணு வயசுப் பிள்ளையை ரெண்டு மாசம் ஒரேயடியாகக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது தேடும். வாரம் ஒருமுறையாவது போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். அங்கேயும் கிணறு இருக்கிறது, பாட்டிக்கும் வயசாகிறது என்பதை மறக்காதீர்கள்.

கோடையில் நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் 18 நாள் பாரதம் நடக்கும். பகலில் கதை சொல்வார்கள், ராத்திரி கூத்து. குடும்பமே பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். தூக்கம் கெடாத அளவுக்கு ரெண்டு மூணு நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போய் வாருங்கள். காசு செலவில்லை. பீமன் யார், அர்ஜுனன் யார் என்று ஒரு வருஷத்துக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மலர் கையில் வந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள். பிள்ளையைப் பார்ப்பது அம்மா வேலை மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வண்டியில் உட்கார வைத்து கே.ஆர்.பி. டேம் பூங்காவுக்கு ஒரு நடை கூட்டிப்போய் வந்தால், அந்த ரெண்டு மணி நேரம் அம்மாவுக்கும் லீவு. தண்ணீர்ப் பக்கம் போகும்போது பிள்ளை கையை விடாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, இந்தக் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிவெடுக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: லீவு தொடங்கியதும் ஒவ்வொரு ஊரிலும் குழுக்கள் சேர்ந்து காலை 9-லிருந்து 1 மணி வரை சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இடம் நடத்தணும். கிணறு, ரோடு பக்கத்தில் இல்லாத, நிழலான ஒரு இடம் போதும்.

ரெண்டு: முறை வைத்து ஒரு நாளைக்கு ரெண்டு பேர் பார்த்துக்கொள்ளணும். அன்றைக்குக் கூலி விடுகிறவர்களுக்கு, பிள்ளையை அனுப்புகிற வீடுகள் சேர்ந்து ஒரு தொகை கொடுக்கணும். இலவசமாக உழைக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் நின்றுபோகும்.

மூணு: வருகிற பிள்ளை, போகிற பிள்ளை, கூட்டிப்போகிற ஆள் பெயர் எல்லாம் நோட்டில் எழுதணும். வரவு செலவு நோட்டை எழுதிப் பழகிய நமக்கு இது பெரிய வேலை இல்லை.

நாலு: ஊரில் திறந்து கிடக்கிற கிணறுகளைக் கணக்கெடுத்து, சுவரோ கம்பி வலையோ போடச் சொல்லி ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் மனு கொடுக்கணும்.

அஞ்சு: 1 மணிக்கு மேல் எந்தக் கிளாஸும் வேண்டாம். அதற்குப் பிறகு சாப்பாடு, தூக்கம், அப்புறம் வீட்டு ஆளுங்களோடு இருக்கட்டும்.

நம்மால் முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் நம்ம ஊரும் அதில்தான் இருந்தது. பொம்பளைங்க பணம் சேர்த்துக் கணக்கு எழுதுவார்களா என்று அன்றைக்குச் சிரித்தார்கள். இன்றைக்கு வங்கி நம்மைத் தேடி வருகிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கடன் கொடுக்கத் தெரிந்த நமக்கு, ஆளுக்குக் கொஞ்சம் நேரம் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும்.

எந்த ஊரில் யார் முதலில் ஆரம்பிக்கிறீர்கள் என்று இன்றைக்கே ஊக்குநரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்க குழுவின் பெயரை நான் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.