சிவந்த மீன்களின் ஆறு

சமன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் ரின்தான். அந்த ரின்களுக்குள் பெரும்பாலும் இருப்பது வேறு இன மீன் என்பது தனிக்கதை. உண்மையான சமன் மீனை, அது பிறந்த ஆற்றிலேயே காணும் வாய்ப்பு 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் எனக்குக் கிட்டியது. கனடாவின் மேற்குக் கரையில் வசிக்கும் மருமகனின் வானில் கூடாரம், அடுப்பு, கம்பளிகள் சகிதம் நான்கு நாட்கள் பிரேசர் ஆற்றோரமாகப் பயணஞ் செய்தோம்.

வன்கூவரிலிருந்து ஹோப் என்ற சிற்றூர் வரை பாதை பெரும்பாலும் சமதரையிலே செல்கிறது. அதற்கப்பால் மலைகள் இருபுறமும் நெருங்கிவர, ஆறு ஆழத்தில் ஒடுங்குகிறது. நெடுஞ்சாலை மலையைக் குடைந்த வழிகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளிவருகிறது. ஆற்றின் இரு கரைகளிலும் புகையிரதப் பாதைகள். காட்சியழகை வருணித்து உங்கள் நேரத்தைப் போக்க நான் விரும்பவில்லை. அந்தப் பாதைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஹெல்ஸ் கேற், அதாவது நரகவாசல் என்ற இடத்தில் ஆறு சுமார் 35 மீற்றர் அகலத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. இரண்டாவது புகையிரதப் பாதைக்காக 1913இல் அங்கே பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தவர்கள் கற்களை ஆற்றுக்குள்ளேயே தள்ளினார்கள். 1914 பெப்ரவரியில் பெரும் பாறைச்சரிவொன்றும் சேர்ந்துகொண்டது. இடுக்கில் பாய்ந்த நீரின் வேகம் மீனின் வலுவை மிஞ்சியது. கடலிலிருந்து ஏறிவந்த மீன்கள் அந்த வாசலடியிலேயே முட்டையிடாமல் பெருந்தொகையாக மாண்டன.

அப்பகுதி ஆதிக்குடிகள் கைவலைகளால் மீனை அள்ளித் தடைக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். அவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. கோடையில் பிடித்து உலர்த்தி வைக்கும் மீன்தான் குளிர்காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது. நமது கருவாட்டுக்கு உப்பு வேண்டும். அவர்களுக்கோ அந்தப் பள்ளத்தாக்கின் வறண்ட காற்றே போதும். அரசாங்கங்கள் மெதுவாகத்தான் அசைந்தன. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1937இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தன. மீன்கள் ஏறுவதற்கான கொங்கிரீற் வழிகள் 1945, 46 அளவில்தான் கட்டப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல்! நான்காண்டு வாழும் மீனுக்கு அது எத்தனை தலைமுறை?

லிற்றன் என்ற ஊரில் கலங்கிய பிரேசருடன் தெளிந்த தொம்சன் ஆறு கலக்கிறது. தேநீர் குடிப்பதற்காக அங்கே இறங்கினோம். 2021 ஜூன் 29இல் 49.6 பாகை வெப்பம் பதிவாகி, மறுநாளே தீயில் அழிந்த ஊர் அதுதான்.

அன்றிரவு சுஸ்வாப் ஏரிப் பகுதியில் கூடாரம் அடித்தோம். கரடிக்குப் பயந்து சோறு, கறி யாவற்றையும் வானுக்குள் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. காலையில் அடம்ஸ் ஆற்றங்கரைக்கு நடந்தோம். முழங்காலளவு தண்ணீர், அதற்குள் செக்கச்செவேலென்ற உடலும் பச்சைத் தலையுமாக ஆயிரமாயிரம் மீன்கள். கடலிலிருந்து ஏறத்தாழ 500 கிலோ மீற்றர். ஆற்றுக்குள் புகுந்த பின்னர் அவை இரை தின்பதில்லை. பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி செய்து முட்டையிடுகிறது. சில நாட்களில் இறந்துவிடுகிறது. கரையெங்கும் செத்த மீன். மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது.

அந்தக் கரையிலுள்ள பூங்கா நெடுங்காலம் ரொடெரிக் ஹெய்க்-பிரவுன் என்ற எழுத்தாளரின் பெயரைத் தாங்கியிருந்தது. இங்கிலாந்தில் 1908இல் பிறந்து, வன்கூவர் தீவில் நீதிவானாகவும் தூண்டிற்காரராகவும் வாழ்ந்து, 1976இல் மறைந்தவர். ஒரு சமன் மீனின் வாழ்க்கையையே 1941இல் நூலாக்கினார். நாங்கள் போன அதே ஆண்டில் பூங்காவுக்கு ஆதிக்குடிகளின் மொழியிலேயே புதுப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. அந்த மனிதர் இதற்குக் குறைப்பட்டிருக்க மாட்டார் என்றே எனக்குப் படுகிறது.

"எங்கட சனமும் இப்பிடித்தான் மாமா, எங்க போனாலும் ஊர் நினைப்புத்தான்" என்றான் மருமகன். புலம்பெயர்ந்த எழுத்தாளர் பலரும் விரும்பக்கூடிய உவமை. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. "1913இல வந்த மீனுக்கும் ஊர் நினைப்பு இருந்ததுதானே தம்பி. வழியல்லோ இருக்கேல்லை" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடம்ஸ் ஆற்றில் நான்காண்டுக்கொருமுறைதான் மீன் இவ்வளவு திரளாக வரும். நாங்கள் கண்ட மீன்களின் குஞ்சுகள் ஓராண்டு ஏரியில் வளர்ந்து கடலுக்குப் போய், 2022இல் திரும்ப வேண்டும். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அம்மாகாணத்தில் கடும் வறட்சி. ஒக்டோபரில் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரிக்கவுமில்லை. "ஆத்தில தண்ணி குறைவு மாமா. ஆனா மீன் வந்திட்டுது" என்றான்.