மருந்தும் மாதவிலக்கும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை குறித்து என்னிடம் நீங்கள் பலமுறை கேட்டதுண்டு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சபையில் உரக்கப் பேசப்படுவதன்று. நாம் உட்கொள்ளும் சில மருந்துகள் பெண்களின் மாதவிலக்கை எவ்வாறு முன்பின்னாக்குகின்றன, அதனால் எண்ணாத நேரத்தில் கருப்பம் எவ்வாறு உண்டாகிறது என்பதே அது. ஆடவர் எவரும் எழுந்து போய்விட வேண்டாம். மருந்துக் கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருபவர்கள் பெரும்பாலும் நீங்களே. நான் மருத்துவன் அல்லேன். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்டுத் தெளிந்தவற்றையே கூறுகிறேன்.

அடிப்படையான ஒன்றை முதலில் அறிந்துகொள்வோம். கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்கிற்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பு. ஆணின் உயிரணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கக்கூடும். ‘இந்த நாட்களில் பயமில்லை’ என்று பல குடும்பங்களில் விரல்விட்டு எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்தால் மட்டுமே ஓரளவு நிற்கும். மருந்தொன்று முட்டை வெளிப்படும் நாளைத் தள்ளிவிட்டால், வாய்க்காலில் முறைத்தண்ணீர் நாள் மாறியது தெரியாமல் பழைய நாளில் மடை திறக்கப் போனவன் கதைதான்.

நம் ஊர்களில் மிகுதியாக வழங்குவது விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. திருமணம், கோயில் திருவிழா, தீமிதி, யாத்திரை என்றால் கடையில் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். இதிலுள்ள மருந்தின் பெயர் நாரெத்திஸ்டீரோன். வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, விலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாட்களுக்கு முன்பே தொடங்கச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் விலக்கு வரும். மருத்துவர் கேட்டறிந்து கொடுத்தால் இதில் பெரும் தீங்கில்லை. ஆனால் காலில் அல்லது நுரையீரலில் இரத்தக்கட்டி உண்டானவர்கள் இதைத் தொடவே கூடாது. கடைக்காரர் அதைக் கேட்பதில்லை.

இதைக் குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ‘இதைச் சாப்பிடும் நாட்களில் கரு நிற்காது’ என்பது ஒன்று. இவ்வாறு சில நாட்களுக்கு உண்ணும்போது இது கருத்தடை மாத்திரை ஆகாது. மற்றொன்று, நிறுத்தியும் விலக்கு வராவிட்டால் ‘மாத்திரை இன்னும் வேலை செய்கிறது’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பது. ஒரு வாரத்திற்கு மேல் வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது சில நிமிட வேலை.

அவசர கருத்தடை மாத்திரை வேறு வகை. லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவில் கூடுமோ அவ்வளவு விரைவில் உட்கொள்ள வேண்டுவது. இது உருவான கருவைக் கலைப்பதில்லை. முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. தள்ளிப்போன முட்டை பின்னர் வெளிப்படுமல்லவா? ஆகவே அதே மாதத்தில் பாதுகாப்பின்றி மீண்டும் சேர்ந்தால் கருப்பம் உண்டாகலாம். ‘ஒன்று போட்டாயிற்று, இந்த மாதம் கவலையில்லை’ என்று இருப்பவர்களே ஏமாறுகிறார்கள். அடுத்த விலக்கு சில நாட்கள் முன்போ பின்போ வருவது இயல்பு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அது காசநோய் மருந்து.

காசநோய்ச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செந்நிறமாக்குவது அதுவே. நோயை அழிப்பதில் அதற்கு நிகரானது அரிது. ஆயின் அது கல்லீரலைத் தூண்டி, கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனை விரைவில் சிதைத்துவிடுகிறது. ஒரு நாளும் தவறாமல் ‘மாலா’ மாத்திரை உண்ட பெண்ணுக்கும் கரு நிற்பது இதனால்தான். இடையிடையே இரத்தக்கசிவு காண்பதும் இதன் அறிகுறியாகலாம். அவசர மாத்திரையின் வலிமையும் இவ்வாறே குறைகிறது. காசநோய் மருந்து முடிந்து நான்கு வாரம் வரை இந்த நிலை நீடிக்கும். காப்பர்-டி, ஆணுறை ஆகியவற்றை ரிஃபாம்பிசின் ஒன்றும் செய்வதில்லை; மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் பயன் தரும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. காசநோயால் உடல் மெலிந்த பெண்ணுக்கு விலக்கே நின்றுபோவதுண்டு. ‘விலக்கில்லை, ஆகவே கருவும் இல்லை’ என்று கணவனும் மனைவியும் நம்பியிருப்பார்கள். மருந்து வேலை செய்து உடல் தேறியதும் முட்டை மீண்டும் வெளிப்படத் தொடங்கும். முட்டை முதலில், விலக்கு பின்னர். எனவே ஒரு விலக்கைக் கூடக் காணாமலேயே கருத்தரிக்க இயலும். நான்கு, ஐந்து மாதம் கடந்த பிறகே அறியவரும் குடும்பங்கள் இருக்கின்றன என்று செவிலியர் வருத்தத்துடன் கூறுகிறார்.

இதைக் கேட்டு எவரும் காசநோய் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கருவுற்ற பிறகும் வழக்கமான காசநோய் மாத்திரைகளைத் தொடரவே மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். நோயை விட்டுவைப்பதே தாய்க்கும் சேய்க்கும் பெருங்கேடு. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் சிசுவின் செவிப்புலனைக் கெடுக்கக்கூடியதாதலால் கருப்பத்தை உடனே தெரிவிக்க வேண்டும்.

சளி, காய்ச்சலுக்குத் தரும் அமாக்ஸிசிலின் போன்றவை கருத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையானால்தான் மாத்திரை உடலில் சேராமற் போகும். பயமுறுத்துவது என் நோக்கமன்று. எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிவதே வேண்டுவது. மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் விலக்கை நிறுத்திவிடலாம். சினைப்பை நீர்க்கட்டிக்காக மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கோ நின்ற விலக்கு திரும்பி, கருத்தரிக்கும் ஆற்றலும் திரும்பும். பிள்ளை வேண்டுபவருக்கு அது நற்செய்தி. வேண்டாதவர் முன்கூட்டி அறிந்திருப்பது நலம்.

ஊராட்சி இதில் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரில் எந்த வீட்டில் எவருக்குக் காசநோய் என்று பட்டியல் எழுதி ஒட்டச் சொல்லவில்லை; அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. செவிலியர் ஊருக்கு வரும் நாளில், பெண்கள் தனியே பேசுவதற்குக் கதவடைக்கும் ஓர் அறையை ஒழித்துக் கொடுங்கள். பல இடங்களில் அவர் கோயில் திண்ணையிலும் ரேஷன் கடை வாசலிலும் அமர்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். அங்கே எந்தப் பெண் வாய்திறப்பாள்? உண்ணும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வரும்படி கிராம சபையில் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவர்க்கு அட்டையே பேசும்.

வலிப்பு நோய் மருந்துகளை நான் விட்டுவிட்டேன். அவற்றுள் ஃபெனிடாயின், கார்பமஸிபைன் ஆகியவை ரிஃபாம்பிசின் போலவே கருத்தடை மாத்திரையைக் கெடுப்பவை. வால்ப்ரோயேட் சிசுவின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிப்பது. இருப்பினும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனை எவ்வாறு மாற்றுவது என்பதை அடுத்துப் பேசவிருக்கும் மருத்துவ அலுவலர் விளக்குவார். உங்கள் ஐயங்களை அவரிடமே கேளுங்கள்.