எழுந்து போக முடிந்தால்தான் அது சமரசம்

(சட்டம் பயிலும் இளைஞர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காவல் நிலைய வாசலில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். "ஒரே ஊர்ல இருக்கீங்க. நாளைக்கு மூஞ்சில முழிக்கணும். பேசி முடிச்சுக்கோங்கப்பா."

அடிபட்டவன் தலையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அடித்தவனின் பெரியப்பா ஆய்வாளருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த உட்காரும் முறையிலேயே பாதித் தீர்ப்பு வந்துவிடும். மீதிப் பாதியை எழுதி வாங்கிக் கொள்வார்கள்: 'எங்களுக்குள் சமாதானமாகிவிட்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை.'

இதற்கும் சமரசம் என்றுதான் பெயர். நீதிமன்ற வளாகத்தில் பயிற்சி பெற்ற சமரசகர் முன்னால் நடப்பதற்கும் அதே பெயர்தான். ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? இன்று நான் பேச வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சமரசத்துக்கு எதிரி அல்ல. வழக்கு இழுத்தடிக்கப்பட்டால் அதிகம் சாகிறவர்கள் நம் மக்கள்தான். பணக்காரனுக்கு வாய்தா என்பது வக்கீலுக்குக் கொடுக்கும் இன்னொரு கட்டணம், அவ்வளவுதான். கூலிக்குப் போகிறவருக்கோ ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி, பேருந்துக் காசு, மேஸ்திரியிடம் வாங்கும் திட்டு. விபத்து இழப்பீடு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, கணவன் மனைவி பிரச்சினை, காசோலை வழக்கு போன்றவற்றைப் பேசித் தீர்ப்பது நல்லது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முன்னோடி மையங்களில் அதுவும் ஒன்று. மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், வழக்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. பணம் விரைவாகக் கைக்கு வரும். இதையெல்லாம் நம் மக்கள் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆனால் சமரசம் என்ற முறை ஒரே ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. சமரசகர் தீர்ப்புச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. 'எனக்கு இது சரிப்படவில்லை, நான் நீதிமன்றத்திலேயே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். எழுந்து போகும் அந்த உரிமை இருப்பதால்தான், உட்கார்ந்து பேசுவதற்கு மதிப்பு இருக்கிறது.

இப்போது ஊருக்கு வாருங்கள். வேலை கொடுப்பவர் அவர். பால் ஊற்றும் இடம் அவருடையது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை அவர் நிலத்தின் வழியாகப் போகிறது. சேரியிலிருந்து வந்து அந்தப் பேச்சுவார்த்தையில் நிற்பவர் எழுந்து எங்கே போவார்? முடியாது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது, கடையில் சாமான் கிடைக்காது. எழுந்து போக முடியாதவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற அந்தச் சுவரை நாடே பார்த்தது. 1989-இல் நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு எழுந்த சுவர் அது. அதை எப்படி நியாயப்படுத்தினார்கள் தெரியுமா? இரு தரப்பும் பேசி, ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டுத்தான் கட்டினோம் என்று ஆதிக்கத் தரப்பு வாதிட்டது. அதாவது, அந்தத் தீண்டாமைச் சுவருக்கே ஒரு 'சமரசம்'தான் அஸ்திவாரம் என்றார்கள்.

அதே ஊரில் இன்னொரு பேச்சுவார்த்தையும் நடந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரிகளும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 2008 மே மாதம் சுவரின் ஒரு பகுதியை அரசே இடித்துப் பாதை திறந்தது. 2011-இல் இரு தரப்புக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை, பிறகும் அங்கே மோதல்கள் நடந்தன. ஆனாலும் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதலாவதில் நம் மக்கள் அடிபட்டுத் தனியாக நின்றார்கள். இரண்டாவதில் அவர்களுக்குப் பின்னால் இயக்கம் இருந்தது, வழக்கு இருந்தது, நாட்டின் பார்வை இருந்தது. எழுந்து போக முடிந்தவர்களாக அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அடுத்து, தகராறு வேறு, குற்றம் வேறு. வரப்புச் சண்டை தகராறு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பொதுப் பாதையில் போகவிடாமல் தடுப்பதும் குற்றம். அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஒழிக்கப்பட்ட ஒன்றில் பாதிப் பாதி பேசுவதற்கு என்ன இருக்கிறது? 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றங்களைப் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. இப்படிச் சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்களில் லோக் அதாலத்துக்கும் அதிகாரம் கிடையாது. கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்.

பின்வாசல் ஒன்று இருக்கிறது. சமாதானமாகிவிட்டோம் என்று மனுப் போட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பார்கள். அடிப்படையில் தனிப்பட்ட அல்லது சிவில் தன்மை கொண்ட வழக்காக இருந்தால், அல்லது சாதியின் காரணமாக நடக்காத குற்றமாக இருந்தால் ரத்து செய்யலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவர் கட்டாயத்தின் பேரில் சம்மதித்தாரா என்று பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. நீங்கள் வழக்கறிஞரானால் அந்த எச்சரிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சமரச அறையில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது விதி. விவாகரத்துக்கு அது பாதுகாப்பு. சாதிக் குற்றத்தில் அந்த ரகசியம் யாருக்கு லாபம்? மகத் குளத்தில் 1927 மார்ச்சில் அம்பேத்கர் தண்ணீர் எடுத்தார். அந்த டிசம்பரிலேயே அவர்மீது வழக்குப் போட்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், குளத்தை விலக்கி வைக்கும் உரிமை தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 'உங்களுக்குத் தனியாக ஒரு மூலை' என்று பேசி முடித்திருந்தால் அது அந்த ஊரோடு போயிருக்கும். தீர்ப்பு என்பதால்தான் இன்று நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்பிட்ரேஷன் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். பைக் வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தகராறு வந்தால் நடுவர் முடிவு செய்வார் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த நடுவரைக் கடன் கொடுத்த நிறுவனமே நியமிக்கும். வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் நடுவரைத் தனியாக நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் ஒருதலை நியமனம் சமத்துவத்துக்கு எதிரானது என்றது. அப்படி நோட்டீஸ் வந்தால் பயந்து பணம் கட்டாதீர்கள், நியமனத்தை எழுத்தில் மறுத்துக் கேள்வி கேளுங்கள்.

2023-இல் வந்த சமரசச் சட்டத்தில் 'சமுதாய சமரசம்' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஊர் அமைதி கெடும் தகராறுகளை மூன்று பேர் குழு பேசித் தீர்க்கலாம், சமூகத்தில் மதிப்புள்ளவர்கள் அதில் இருக்கலாம் என்கிறது. நம் ஊர்களில் மதிப்புள்ளவர் என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். பெண்களுக்கும் மற்றப் பிரிவினருக்கும் பிரதிநிதித்துவம் பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இரு தரப்பின் முன் சம்மதம் வேண்டும் என்கிறது. அதில் வரும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புப் போல நிறைவேற்றத்தக்கது அல்ல. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது பழைய பஞ்சாயத்துக்குப் புதுச் சட்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்தால் தேவைப்படும்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடிய சில வேலைகள். புகார் கொடுக்கப் போகிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள், உடன் போங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். படிக்காமல், நகல் வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். வன்கொடுமை வழக்கில் அரசு தரும் தீருதவி பாதிக்கப்பட்டவரின் உரிமை. வழக்கை வாபஸ் வாங்குவதற்கு அது விலை அல்ல. மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்க அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி யாராவது "பேசி முடிச்சுக்கோங்க" என்று சொன்னால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க ஆள் முடியாதுன்னு எழுந்து போனா, நாளைக்கு அவனுக்கு அந்த ஊர்ல வேலை உண்டா, தண்ணி உண்டா?"

உண்டு என்றால் உட்காருங்கள், பேசுங்கள். பதில் வரவில்லை என்றால், முதல் தகவல் அறிக்கை போடச் சொல்லுங்கள்.