கன்றின் வயிறும் மருந்தும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தது எருத்தேன்பதி. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த அப்பகுதியில் பல குடும்பங்களுக்குக் கறவை மாடே கைகொடுக்கிறது. அத்தகைய வீட்டில், பிறந்து பத்து நாளான கன்று நீராகக் கழியத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? பசுவுக்கு வாங்கி மீந்த மாத்திரையில் ஒரு துண்டைப் பொடித்துப் புகட்டுகிறோம். சிறிய மாட்டுக்குச் சிறிய அளவு என்பது நம் கணக்கு. அக்கணக்கு பிழையானது.

வளர்ந்த பசு தின்ற தீவனம் முதல் இரைப்பையில் தங்கி, அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களால் செரிக்கிறது. பால்குடிக் கன்றுக்கோ அவ்விரைப்பை இன்னும் வேலை தொடங்கவில்லை. கன்று மடியில் வாய்வைத்துச் சப்பும்போது, உணவுக்குழாயின் முடிவிலுள்ள தசைமடிப்பு குழல்போல் மூடிக்கொள்கிறது. பால் நேரே நான்காம் இரைப்பைக்குச் செல்லுகிறது. பாலோடு கலந்த மருந்தும் அவ்வழியே குடலை அடையும். அமாக்சிசிலின் அங்கு ஓரளவு உறிஞ்சப்படுகிறது; கன்று புல் தின்று அசைபோடத் தொடங்கியபின் அதுவும் குறைந்துவிடும். டெட்ராசைக்ளினைப் பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து பிடித்துவைத்துக்கொள்ளும். நியோமைசினோ பெரும்பாலும் குடலிலேயே தங்கிவிடும்.

உறிஞ்சுவது வேறு, தாங்குவது வேறு. இளங்கன்றின் கல்லீரலும் சிறுநீரகமும் முதிராதவை. ஆகவே பல மருந்துகள் உடலைவிட்டு மெதுவாகவே நீங்கும். சில மருந்துகளை நாள்கணக்கில் புகட்டினால் குடலின் உட்சுவர் நலிந்து, மருந்தே கழிச்சலை உண்டாக்குவதும் உண்டு. 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் சொல் பொருத்தமானதே. குடலுக்கு வேண்டிய உயிர்களையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால் ரோட்டா வைரஸால் வந்த கழிச்சலில் அதற்கு வேலையே கிடையாது.

கழிச்சலில் கன்றை மாய்ப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் இழப்பதே. ஆதலால் உப்புக்கரைசலை உடனே கொடுத்தல் வேண்டும், பாலை நிறுத்தலாகாது. காய்ச்சல், சாணத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை காணின் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எம்மருந்து, எத்தனை நாள் என்பதை அவரே கூறட்டும். உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் தருவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது, மனிதருக்குக் கடைசிப் புகலாகும் அம்மருந்து பயனற்றுப் போகக்கூடாது என்பதற்காகவே.

இன்னொன்று. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் கொடுக்காத வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருளைக் கன்றின் குடல் முதல் ஒருநாள் அளவே உள்வாங்கும். அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. கன்று வயிறாரக் குடித்தபின் மீந்ததை அண்டை வீட்டாருக்குக் காய்ச்சிக் கொடுக்கலாம்.